கேஸ் அடிக்க முன்னம் லாச்சியைக் கழற்றிப் பாருங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். 2012 டொயோட்டா விட்ஸ் வைத்திருக்கிறார், தினமும் கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வருகிறார். கச்சான் காற்று தொடங்கியதில் இருந்து ஏசியில் காற்றே வருவதில்லை, கடைசி நம்பரில் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கிறதாம். ஒரு கராஜில் ஏசி கேஸ் குறைந்துவிட்டது என்றார்களாம், இன்னொரு இடத்தில் உள்ளே காற்றைக் குளிராக்குகிற கூலிங் கொயில் போய்விட்டது, டாஷ்போட்டையே கழற்ற வேண்டும் என்று கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். இதற்கிடையில் கூட வேலை செய்பவர் ஒருவர் 'ஏசி பில்டரைப் பார்த்தாயா' என்று கேட்க, அப்படி ஒன்று இருப்பதே இவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். அது எங்கே இருக்கிறது, நானே மாற்றலாமா என்பதுதான் கேள்வி.

மாற்றலாம் தம்பி. உங்கள் காரில் அதற்கு ஸ்குரு டிரைவர் கூட வேண்டாம், முதல் தடவை என்றால் கால் மணித்தியாலம், அடுத்த தடவை 5 நிமிடம். அதை மாற்றும் வரைக்கும் கேஸுக்கோ கொயிலுக்கோ ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நான் 20 வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் வாகன ஏசி வேலைதான் செய்கிறேன். காற்று வரவில்லை என்று வருகிற கார்களில் நான் முதலில் கை வைப்பது இடது பக்க டாஷ்போட்டில் இருக்கிற லாச்சியில்தான், அந்த பில்டர் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது, அனேகமாக அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காரில் காற்று பில்டர் இரண்டு இருக்கிறது. ஒன்று பொனெட்டுக்குக் கீழே, எஞ்சினுக்குப் போகிற காற்றைச் சுத்தப்படுத்துவது. சேர்விஸ் பில்லில் 'எயார் பில்டர்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அதுதான். மற்றது உள்ளே இருக்கிற நீங்கள் மூச்சு விடுகிற காற்றுக்கு. இதைத்தான் ஏசி பில்டர் என்றும் கேபின் பில்டர் என்றும் சொல்கிறோம். 'சேர்விஸுக்குக் கொடுக்கும்போதெல்லாம் எயார் பில்டர் மாற்றுகிறேன்' என்று சொல்லுகிற கனபேர் இரண்டாவதை வாங்கின நாளில் இருந்து தொட்டதே இல்லை. தவறாமல் சேர்விஸ் செய்கிற ஆட்களிடமும் இதைக் கண்டிருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பில்லில் அந்தச் சொல் இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

காற்று போகிற பாதையைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடத்தில் வலை மாதிரி ஓட்டைகள் இருக்கும் அல்லவா, வெளிக்காற்று அதனூடாகத்தான் வருகிறது. உள்காற்றையே சுற்ற விடும் பட்டனை அமத்தினால் அந்தப் பாதை மூடி, இடது பக்கப் பயணியின் கால்மாட்டில் இருந்து காற்றை இழுக்கும். இரண்டில் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் உங்கள் காரைப் போன்றவற்றில் அது பில்டரைத் தாண்டித்தான் காற்றை இழுத்து ஊதுகிற புளோவர் மோட்டருக்குப் போகும், அங்கிருந்து கூலிங் கொயிலுக்கு, பிறகுதான் உங்கள் முகத்துக்கு. ஆக பில்டர் அடைத்தால் புளோவர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இழுக்கக் காற்று இல்லை. இரைச்சல் கூடும், காற்று வராது. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

கேஸ் குறைந்தால் அடையாளம் வேறு. காற்று நன்றாக, பலமாக வரும், ஆனால் குளிராது. கொயில் உறைந்தால் ஒழிய, கேஸ் குறைந்ததால் காற்றின் பலம் குறைவதில்லை, புளோவருக்கும் கேஸுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி வந்து நிற்பீர்கள். தேவைக்கு மேல் அடித்தால் குளிர் கூடாது, குறையும், கேஸை அழுத்திச் சுற்ற விடுகிற கொம்பிரசருக்கும் கேடு. கேஜ் பூட்டி அழுத்தத்தைப் பார்க்காமல் 'கேஸ் இல்லை' என்று வாயால் சொல்லுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

கொயிலைப் பற்றிச் சொன்னவர் முழுவதும் பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் இல்லை. காற்று போதாமல் போனால் கொயிலில் படிகிற ஈரம் சில வேளை ஐஸாக உறைந்துவிடும், அதற்குப் பிறகு இருக்கிற கொஞ்சக் காற்றும் நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு காற்று குறைந்து, நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்சம் வருகிறது என்றால் இது நடக்கிறதா என்று யோசிக்க வேண்டும். உறையாமல் காக்கத்தான் உள்ளே ஒரு சென்சர் இருக்கிறது, அது பழுதாகலாம், கேஸ் குறைவாலும் கொயில் உறையலாம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது எது? காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியது.

சரி, வேலைக்கு வருவோம். காரை நிழலில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். புளோவர் சுற்றும்போது பில்டரை இழுத்தால் மேலே கிடக்கிற குப்பை நேரே மோட்டருக்குள் விழும். இடது முன் கதவைத் திறந்து டாஷ்போட் லாச்சியில் இருக்கிற இன்சூரன்ஸ் கடதாசி, குடை, சில்லறை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். லாச்சியைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தால் அது தொப்பென்று விழாமல் பிடித்து வைத்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் கை ஒன்று இருக்கும். அதை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு லாச்சியின் இரண்டு பக்கச் சுவரையும் இரண்டு கையாலும் உள்நோக்கி அமத்திக்கொண்டே உங்கள் பக்கம் இழுங்கள், தடுப்பைத் தாண்டி முழுவதும் கீழே தொங்கும். வெயிலில் சூடாகிக் காய்ந்த பழைய பிளாஸ்டிக் உடையக்கூடியது, அதனால் பலத்தைப் பாவிக்காதீர்கள். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே அமத்த வேண்டும் என்று அர்த்தம், கூட இழுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

இப்போது உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் பெட்டி ஒன்றில் நீளமான, ஒடுங்கிய மூடி ஒன்று படுக்கை வாட்டில் தெரியும். அதன் ஓரத்துக் கிளிப்பை அமத்தினால் மூடி வந்துவிடும். உள்ளே தெரிகிற மடிப்பு மடிப்பான விளிம்புதான் பில்டர். அதை இழுக்க முன்னம் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, போனில் ஒரு படம் எடுங்கள், விளிம்பில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டாவது, கீழே ஒரு பழைய பேப்பரை விரியுங்கள். பிறகு சரிக்காமல், நேராக, மெதுவாக இழுங்கள். மேல் பக்கத்தில்தான் குப்பை முழுவதும் கிடக்கும், சரித்தால் அவ்வளவும் புளோவருக்குள் போய் விழும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் ஓடுகிற பாதையை வைத்தே உங்கள் பில்டரில் என்ன இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். வைகாசியில் இருந்து ஆவணி, புரட்டாதி வரைக்கும் அடிக்கிற கச்சான் வறண்ட காற்று, தரைத்தூசி முழுவதையும் கிளப்பிக்கொண்டு வரும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சூடடிப்புக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசியும் ரோட்டுக்கு மேலே பறக்கும், ரோட்டோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன் தூசி வேறு. கடற்கரை ஓரம் வீடு என்றால் காற்றோடு வருகிற உப்பும் சேரும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த ஈரத்தில் தூசி பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் ஊர் பில்டர்களைத் தட்டினால் தூசி லேசில் உதிர்வதில்லை. நிலாவெளிக்குப் போய்க் குளித்துவிட்டு மணலோடு ஏறினீர்கள் என்றால் அந்த மணலின் நுண்தூசியும் கால்மாட்டுப் பாதையால் இதற்குள்ளேயே வரும். இதற்கெல்லாம் மேலே இலை. வேம்பின் இலை வைப்பர் வலையில் ஓரளவுக்குத் தடுபடும், புளியமரத்தின் கீழே நிறுத்தினால் அந்தப் பொடி இலை வலையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். காரை நிழலில் விட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், இந்த வெயிலுக்கு எங்கே விடுவது. பொனெட்டைத் திறந்து வைப்பர் அடியில் கிடக்கிற இலையைக் கிழமைக்கு ஒரு தரம் கையால் அள்ளிவிட்டால் போதும்.

எலி. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. சில கிழமைகள் ஓடாமல் நின்ற காரில் எலி வைப்பர் பக்கத்தால் இறங்கிப் பில்டருக்கு மேலே கூடு கட்டிவிடும். ஒரு குடும்பம் மூதூரில் இருந்து வந்தார்கள், ஏசி போட்டால் நாற்றம், பின்னால் இருக்கிற பிள்ளை இருமுகிறது என்று. பில்டரைத் தொட்டால் பாதி இல்லை, கடித்து எடுத்துப் பஞ்சாக்கி வைத்திருந்தது, ஈரமாகவும் இருந்தது. அந்தக் காற்றைத்தான் அவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை மூச்சாக எடுத்திருக்கிறது என்று நினைக்க எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்படி ஏதும் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, காய்ந்த குப்பையைக் கிளப்பாமல் கிருமிநாசினியால் நனைத்து எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். பெட்டியையும் கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே புதிய பில்டரைப் போடுங்கள்.

பழையதை எடுத்ததும் உடனே புதியதைப் போட்டுவிடாதீர்கள். இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். பெட்டிக்குள் எட்டுகிற இலையைக் கையால் பொறுக்கி, வெக்குயம் கிளீனர் இருந்தால் இழுத்து, மூடியைப் போட்டுவிட்டு பில்டர் இல்லாமலே காரை ஸ்டார்ட் செய்து ஏசியைக் கடைசி நம்பரில் 2 நிமிடம் ஓட விடுங்கள். காற்று பாய்ந்து வந்தால் குற்றவாளி பில்டர். பில்டர் இல்லாமலும் காற்று மெலிவாகவே வந்தால்தான் கொயில் அடைப்பா, புளோவரா என்று பார்க்க வேண்டும். கடைசி நம்பரில் மட்டும் ஓடி மற்ற நம்பர்களில் புளோவர் நின்றுவிட்டால் அது புளோவரின் வேகத்தைக் குறைத்துக் கூட்டுகிற ரெசிஸ்டர் எரிந்தது, மலிவான சாமான், அதற்கும் டாஷ்போட் கழற்றத் தேவையில்லை. காற்று பலமாக வந்தும் குளிரவில்லை என்றால் அப்போது கேஜ் பூட்டி கேஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் 2 நிமிடம் என்றால் 2 நிமிடம். 'பில்டர் இல்லாமல் நல்லாக் காற்று வருகுது, அப்படியே ஓடுவோம்' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூசி போய்ச் சேருகிற இடம் கூலிங் கொயிலின் ஈரமான மெல்லிய தகடுகள். அங்கே அது சேறாகிப் படிந்துவிட்டால்தான் உண்மையாகவே டாஷ்போட்டைக் கழற்ற வேண்டி வரும். சில மலிவு மொடல்களில் கம்பனியே பில்டர் போடாமல், இடத்தை மட்டும் வைத்தோ அடைத்தோ விட்டிருக்கும். அப்படி ஒரு கார் கையில் இருந்தால் அதற்குப் பொருந்துகிற பில்டர் இருக்கிறதா என்று விசாரித்துப் போட்டுவிடுவது நல்லது.

புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். மொடல் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் 'இதுதான் வரும்' என்று ஒன்றைத் தருவார், வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் இடைவெளி இருக்கும். இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாலேயே போகும், பில்டர் இருந்தும் இல்லாததுதான். நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் காரின் சேசி நம்பரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளையாக இருப்பது சாதாரணம், தூசியைப் பிடிக்கும். சாம்பல், கறுப்பு நிறத்தில் வருவது கரி சேர்த்தது, புகை நாற்றத்தையும் மீன்வாடி மணத்தையும் குறைக்கும், விலை கூட. கறுப்பாக இருப்பதெல்லாம் கரி பில்டரும் அல்ல, சாயம் பூசினதும் சந்தையில் இருக்கிறது. வீட்டில் மூச்சிழுப்புக்காரர் இருந்தால் நல்ல கம்பனியின் கரி பில்டருக்குக் காசு கொடுக்கலாம். மற்றபடி கந்தளாய் ரோட்டுக்கு சாதாரணமானதை அடிக்கடி மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. விலை கூடிய ஒன்றை வாங்கிவிட்டு அந்தக் காசுக்காகவே 3 வருடம் வைத்திருப்பார்கள், அதில் என்ன பிரயோசனம்.

கழுவலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கழுவக்கூடாது. 'கழுவலாம்' என்றே விற்கிற சில வகை இருக்கிறது, அதை விடுங்கள், சாதாரண பில்டரில் நார்களுக்கு இடையில் இருக்கிற மின்னேற்றம்தான் நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டால் அது போய்விடும், மடிப்பும் தளர்ந்துவிடும், உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம். சேர்விஸ் நிலையத்தில் எயார் கன்னால் ஊதித் தருவார்கள், பார்க்கப் புதிது மாதிரி இருக்கும், அந்த அழுத்தத்தில் நார் விலகியிருக்கும். கடை பூட்டியிருக்கிறது, நாளைக்கு அனுராதபுரம் போக வேண்டும் என்றால் குப்பைப் பக்கத்தைக் கீழே பிடித்து மெதுவாகத் தட்டிப் போட்டுச் சமாளியுங்கள், அந்த ஒரு பயணத்துக்கு.

போடும்போது அம்புக்குறி. 'ஏர் ஃப்ளோ' என்று எழுதி அம்பு இருந்தால் காற்று போகிற திசை அது, உங்கள் விட்ஸில் புளோவர் கீழே இருப்பதால் அம்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். 'அப்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் மேலே. இரண்டும் ஒன்று என்று நினைத்துத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள், சந்தேகம் வந்தால் எடுத்த படத்தைப் பாருங்கள். பிறகு ஒன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்ததால் எழுதுகிறேன்: பில்டரைச் சுற்றியிருக்கிற பொலித்தீன் உறையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஓய்வு பெற்ற ஒரு ஐயா எங்கோ ஒரு கராஜில் பில்டர் மாற்றினார், காற்று வரவில்லை என்று இரண்டு தரம் கேஸ் அடித்தார், மூன்றாம் தரம் என்னிடம் வந்தார். லாச்சியைக் கழற்றினால் பில்டர் உறையோடு உட்கார்ந்திருக்கிறது. ஓய்வூதியக் காசில் இரண்டு தரம் கொடுத்திருக்கிறார். இந்த வேலையை ஆட்கள் தாங்களே பழக வேண்டும் என்று நான் வருகிறவர்களுக்கெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

மற்றக் கார்க்காரரும் வாசிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டொயோட்டாவின் அக்சியோ, அக்வா, பிரியஸ் எல்லாம் ஏறக்குறைய இதே முறை. ஹொண்டா பிட், வெசலில் லாச்சியின் இரண்டு பக்கத் தடுப்பையும் கழற்றி இறக்கினால் பில்டர் ஒரு தட்டில் செருகியிருக்கும், தட்டோடு இழுத்து வர வேண்டும். சுசுகி வாகன் ஆரிலும் லாச்சிக்குப் பின்னால்தான். சில நிசான் கார்களில் இடம் ஒடுக்கம், பில்டரை வளைத்துத்தான் இழுக்க வேண்டும், அங்கே பொறுமை வேண்டும். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் லாச்சிப் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், பொனெட்டைத் திறந்து வைப்பருக்குக் கீழே பாருங்கள்.

அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. உங்கள் ஹைபிரிட் பற்றரி குளிர்வது காருக்குள் இருக்கிற காற்றால்தான். பின் இருக்கைப் பக்கம், அக்வாவில் இருக்கையின் அடியில், ஒரு காற்று வாய் இருக்கும். அதற்கு முன்னால் பையை வைத்து அடைக்காதீர்கள், அதன் வலையில் படிகிற தூசியையும் ஏசி பில்டர் மாற்றும்போதே இழுத்துவிடுங்கள். அங்கே காற்று அடைபட்டுப் பற்றரி சூடாகினால் அந்தச் செலவுக்கு முன்னால் பில்டர் விலை ஒன்றுமே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, இப்போது வருகிற கார்களின் விலையும் தெரியும்தானே, இருக்கிற காரைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு தரம் என்றால், கம்பனிகள் பொதுவாக 15,000 முதல் 30,000 கிலோமீற்றர் வரை சொல்கின்றன, தூசி இடங்களில் அதைவிட முந்தி என்றும் அவர்களே எழுதுகிறார்கள். கந்தளாய் போய் வர ஏறக்குறைய 80 கிலோமீற்றர், மாதம் 22 நாள் என்றாலே வருடத்துக்கு 20,000 தாண்டிவிடும். நான் உங்களுக்குச் சொல்வது வருடத்துக்கு இரண்டு: கச்சான் ஓய்ந்து, வாடை மழை தொடங்க முன்னம் ஒன்று, மாசி பங்குனி அறுவடை முடிந்ததும் ஒன்று. மழைக்கு முன்னம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கார்த்திகை மழையில் உள்கண்ணாடி புகை படிந்த மாதிரி மங்கும்போது அதைத் துடைப்பது ஏசிக் காற்றுதான், பில்டர் அடைத்திருந்தால் ரோட்டே தெரியாது. புதிய பில்டரின் விளிம்பில் திகதியையும் கிலோமீற்றரையும் பேனையால் எழுதிவிட்டுச் செருகுங்கள், அடுத்த தடவை யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

தூசி ரோட்டில் உள்காற்றைச் சுற்ற விடுங்கள், பில்டருக்கும் நல்லது, குளிரும் கூடும். ஆனால் முழுத் தூரமும் அப்படியே விடாதீர்கள், நாலைந்து பேர் இருந்தால் காற்று புழுங்கி ஓட்டுகிறவருக்கு நித்திரை தூக்கும், இடைக்கிடை வெளிக்காற்றைத் திறவுங்கள். வீடு வர 3, 4 நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை நிறுத்திவிட்டு புளோவரை மட்டும் ஓட விட்டால் கொயில் காயும், ஏசி போட்டதும் வருகிற அந்தப் பூஞ்சண மணம் வராது. இடது பக்கக் கால்மாட்டில் கார்ப்பெட் நனைந்திருந்தால் அது பில்டர் விஷயம் இல்லை, கொயிலில் இருந்து தண்ணீர் வெளியேறுகிற குழாய் அடைத்திருக்கிறது. காருக்குக் கீழே வழக்கமாகச் சொட்டுகிற தண்ணீர் சொட்டாமல் நின்றிருக்கும், கவனித்துப் பாருங்கள்.

சனி ஞாயிறில் செய்துவிட்டு, பில்டர் இல்லாமல் ஓட விட்ட அந்த 2 நிமிடத்தில் காற்று எப்படி வந்தது, சத்தம் குறைந்ததா, ஏதாவது உரசியதா என்பதை எழுதுங்கள். டாஷ்போட் கழற்றச் சொன்ன கணக்கை அதுவரை மடித்து வையுங்கள், கொயிலைப் பற்றி அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.